சேர்கிளிப் என்னும் சிறு வளையம்



மாட்டுவண்டியின் சில்லு அச்சை விட்டுக் கழன்றோடாமல் தடுப்பது கடையாணி. இன்றைய இயந்திரங்கள் பலவற்றிலே அவ்வேலையைச் செய்வது ஒரு சிறு வளையம். கராஜ்களில் அதனைச் சேர்கிளிப் என்பர். வில்லுருக்கினால் ஆனது, முழுவட்டமன்று, ஓரிடத்தில் வாய் பிளந்திருக்கும். தண்டிலோ துளையிலோ வெட்டப்பட்ட தவாளிப்பினுள் அமர்ந்து, பக்கத்திலுள்ள உறுப்பை விலகவிடாது காப்பது அதன் தொழில். கலைப்பட்டதாரியாகிய பாடசாலை அதிபருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நட்டப்பட்டு அறிந்தவன் என்பதே என் விடை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். பிஸ்டனைக் கோலுடன் இணைக்கும் பின்னின் இரு முனைகளிலும் கம்பியாலான கிளிப் ஒவ்வொன்று உண்டு. புதியவை வாங்கவேண்டும் என்றார் மெக்கானிக். அவர் என் பழைய மாணவர். "பழையதும் உருக்குத்தானே தம்பி, அதையே போடும்" என்றேன். ஆசிரியர் சொல்லை அவர் தட்டவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு கிளிப் கழன்றது. பின் நகர்ந்து சிலிண்டரின் சுவரை உழுதுவிட்டது. சில ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு மாதச் சம்பளத்தை இழந்தேன்.

ஒருமுறை விரிந்தோ நெரிந்தோ கழன்ற வளையம் தன் பழைய அளவிற்கு முற்றாக மீளும் என்று நம்புவதற்கில்லை என அவர் பின்னர் விளக்கினார். அத்தோடு, அவ்வகைக் கம்பிக் கிளிப்பின் வாய் மேலேயோ கீழேயோ நோக்கியிருத்தல் வேண்டுமாம். பக்கவாட்டில் இருந்தால், பிஸ்டன் மேலும் கீழும் பாயும் வேகமே கிளிப்பை நெரித்துத் தளர்த்திவிடும்.

தண்டின்மேல் பூட்டும் வளையம் வேறு, துளையினுள் பூட்டும் வளையம் வேறு. முன்னதைக் குறட்டினால் விரிக்கவேண்டும், பின்னதை நெரிக்கவேண்டும். அளவில் கண்மதிப்பு உதவாது. ஜெர்மானிய நியமப்படி 20 மில்லிமீற்றர்த் தண்டுக்குரிய சாதாரண வளையத்தின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர், தவாளிப்பின் அகலம் 1.3, அடிவிட்டம் 19. ஆக, தவாளிப்பின் ஆழம் அரை மில்லிமீற்றர் மட்டுமே! அதற்குள் ஊத்தையோ துருவோ இருந்தால் வளையம் முழுதாக இறங்காது. அலுமினியம் போன்ற மென்மையான உலோகமாயின், வளையம் முறியுமுன் தவாளிப்பின் விளிம்பே நசுங்கிவிடவும் கூடும். உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் துருப்பிடியா உருக்கில் செய்தவற்றைத் தேடுவது நன்று. மிக விரைந்து சுழலும் தண்டுகளில் வெளிவளையம் தானாகவே விரிந்து பிடிதளரும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

அச்சிலே வெட்டியெடுத்த வளையத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு கூராகவும் மறுபக்க விளிம்பு மழுங்கலாகவும் இருக்கும். தாங்கவேண்டிய உறுப்பைப் பார்த்து மழுங்கிய பக்கம். சுமையை ஏற்கும் தவாளிப்புச் சுவரைப் பார்த்துக் கூரிய பக்கம். பூட்டும்போது, தண்டைத் தாண்டுவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நூலளவும் விரிக்கலாகாது. பூட்டியபின் மெல்லச் சுழற்றிப் பார்த்து, சுற்றிவர அமர்ந்திருக்கிறதா என்று கண்டுகொள்ளவேண்டும். பொறுமையற்றவர் குறடில்லாமல் திருப்புளியால் நெம்புவர். நெம்பிய வளையம் கோணிப்போகும்.

அந்த மாணவரின் வலப்புருவத்தில் ஒரு தழும்புண்டு. கழற்றும்போது தெறித்த வளையம் தந்தது; ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இப்போது அவர் காப்புக் கண்ணாடி அணியாமல் அவ்வேலையைத் தொடுவதில்லை. வளையத்தின்மேல் ஒரு துணியையும் போர்த்திக்கொள்கிறார். தொழில் பழக வரும் பையன்களுக்கென்று இன்னொரு கண்ணாடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறார். அண்மையில் நான் போயிருந்தபோது, அருகில் நின்று பார்ப்பதற்கே அதை எனக்கும் மாட்டிவிட்டார்.