ஆங்கில நூலை வாசித்தலும் ஆதாரத்துடன் எழுதுதலும்

(கல்விக் குழு ஏற்பாடு செய்த மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைப்போரின் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மின்சார இரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். கணக்கும் அறிவியலும் நன்கு அறிந்த பிள்ளைகூட, ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கடக்க இயலாமல் முதற் பருவத்திலேயே துவண்டு விடுவதுண்டு. பெற்றோர் உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைத் தேடுகின்றனர். பேசப் பழகுவது நல்லதே. ஆயினும் ஒரு நூலை வாசித்து அதன் கருத்தைப் பிரித்தறிவதும், தம் கருத்தை ஆதாரத்துடன் எழுதி நிலைநாட்டுவதும் தனிப் பயிற்சியை வேண்டுபவை. கல்லூரித் தேர்வும் அரசு அலுவலகமும் நீதிமன்றமும் நம்மிடம் கேட்பது இவற்றையே.

இது மாணவர்க்கு மட்டுமான செய்தியன்று. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு உரிய திட்டமாயின், குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் வைக்கப்பட வேண்டும். ஆனால் நீர், காற்று அளவீடுகள் அடங்கிய முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நாம் அதை வாசிக்க இயலாவிடில், அந்த 30 நாட்களும் வீணே கழியும்.

2020 மார்ச்சில் அந்த அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு புதிய வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. இவ்விரு மொழியும் அறியாதோர் எவ்வாறு கருத்துரைப்பர் என்ற கேள்வி தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2020 ஜூன் 30 அன்று, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் வரைவை மொழிபெயர்க்க உத்தரவிட்ட நீதிமன்றம், கருத்துத் தெரிவிக்கும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. தமிழுக்கும் இடம் கேட்ட அந்த வாதத்தை உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி வாசிக்கும் முறைக்கு வருவோம். முதலில் தலைப்பு, சுருக்கம், உட்தலைப்புகள், முடிவுரை ஆகியவற்றைப் பாருங்கள். ஆசிரியர் எதை நிறுவ வருகிறார் என்பது தெரியும். பிறகு நீண்ட வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். நாம் "சோதிக்கப்பட்ட நீர்" என்று அடைமொழியை முன்னே வைக்கிறோம். ஆங்கிலமோ "தி வாட்டர் விச் வாஸ் டெஸ்டட்" என்று பின்னே வைக்கும். ஆகவே, அடைத்தொடரைப் பென்சிலால் அடைப்புக்குள் இட்டு, முதன்மை வினையைத் தேடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

அடுத்து, சிறு சொற்களைக் கவனியுங்கள். 'ஹவெவர்' என்றால் பேச்சு திரும்புகிறது. 'தேர்ஃபோர்' என்றால் முடிவு வருகிறது. 'அன்லெஸ்' என்றால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. "நீர் பாதுகாப்பானதன்று" என்பதற்கும், "பாதுகாப்பற்றதாக இருக்கலாம்" என்பதற்கும் இடையே 'மே' என்ற ஒரு சொல்தான் நிற்கிறது. அதைத் தவறவிட்டவர் ஐயத்தை உறுதியென்று எடுத்துக்கொள்வார்.

எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மதரஸாக்களில் முனாழரா என்னும் வாதக்கலையைக் கற்பிக்கிறோம். அதில் தஃவா என்பது நாம் நிறுவ விரும்பும் கூற்று. தலீல் என்பது ஆதாரம். இஃதிராள் என்பது எதிர்த்தரப்பின் மறுப்பு. ஜவாப் என்பது அதற்கான விடை. நம் ஃபிக்ஹு நூல்களில் "இவ்வாறு கேட்கப்பட்டால், நாம் இவ்வாறு சொல்வோம்" என்ற நடையை உலமாக்கள் நன்கு அறிவர். கல்லூரியில் கேட்கப்படும் ஆங்கில வாதக் கட்டுரைக்கும் இந்நான்குமே தூண்கள்.

மேற்சொன்ன வழக்கின் பொருளையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். கூற்று: வரைவு தமிழிலும் வெளிவர வேண்டும். ஆதாரம்: கருத்துக் கேட்பு மக்களுக்கானது, புரியாததைப் பற்றி எவரும் கருத்துரைக்க இயலாது. மறுப்பு: அனைத்து மொழிகளிலும் பெயர்த்தால் காலம் கடக்கும். விடை: கெடுவைச் சில வாரங்கள் நீட்டுவதால் வரும் தாமதத்தைவிட, மக்கள் அறியாமல் விதி மாறுவதால் வரும் இழப்பு பெரிது. இதையே எட்டு வரியில் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு நல்ல பத்தி ஆகிவிடும். எதிர்த்தரப்பின் மறுப்பைச் சிதைக்காமல் நேர்மையாக எடுத்துரைப்பது எழுதுபவரின் கடமை.

ஸனது இல்லாத செய்தியை ஹதீஸ் கலை ஏற்பதில்லை. அதுபோல், எவர் நூலிலிருந்து எடுத்தோம் என்று கட்டுரையில் குறிப்பிட வேண்டும். பிறர் வாக்கியத்தைத் தமதெனக் காட்டுவது அமானித மோசடி. பல்கலைக்கழகங்களும் அதைக் குற்றமாகவே கருதுகின்றன.

வயது கடந்துவிட்டதே என்று எவரும் தயங்க வேண்டாம். 1994இல் தில்லியில் தொடங்கப்பெற்றுப் பின்னர் மும்பைக்கு மாறிய மர்கஸுல் மஆரிஃப் கல்வி ஆய்வு மையம், மதரஸாவில் பட்டம் பெற்ற ஆலிம்களுக்கு ஈராண்டு ஆங்கிலப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. அரபி இலக்கணத்தை நுணுகிப் படித்தவர்க்கு ஆங்கில வாக்கியத்தைப் பகுத்தறிவது புதிய வித்தையன்று. தமிழ் இலக்கணம் அறிந்த நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே.

ஆகவே ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தை மாணவ மாணவியர் வாசிக்கட்டும். அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியிலும் பின்னர் ஆங்கிலத்தில் ஐந்து வரியிலும் எழுதட்டும். உடன்பாடோ மறுப்போ ஒரு பத்தி சேர்க்கட்டும். கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் திருத்திக் கொடுக்கலாம். இதற்கு வேண்டிய செலவு சில நோட்டுப் புத்தகங்களும் ஒரு நல்ல அகராதியும்தான்.

பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு நீதியை எடுத்துரைக்கும் ஆற்றலையும் நம் சந்ததியருக்கு வல்ல நாயன் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.