கல்லறையில் இட்ட காதல்

(படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)



படிப்பகத்தில் பேச வருபவர்கள் பொன்மொழியோடு வருவார்கள், புள்ளிவிவரத்தோடு வருவார்கள். நானோ ஒரு பேயோடு வந்திருக்கிறேன்! அஞ்சற்க. அவள் அழகி. பெயர் கார்மில்லா. அவளைப் படைத்தவர் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு. அவள் கதை நூலில் இடம்பெற்ற ஆண்டு 1872.

நாட்டு நடப்பைப் பேசுவான் என்று வந்தால், கோட்டையையும் குருதியையும் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். கல்லூரியை இடையில் விட்டவன் நான். படிப்பகமே என் கல்லூரி. அங்கே நான் கற்ற பாடம் ஒன்றுண்டு. கதையில் யாரைப் பேயாக்குகிறார்கள், யாரை நீதிபதியாக்குகிறார்கள் என்று பார். அங்கே அரசியல் இருக்கும்!

மேனாட்டார் கோதிக் கதை என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். 1764-இல் ஹொரேஸ் வால்போல் என்பவர் தொடங்கி வைத்த வகை. பாழடைந்த கோட்டை, பயமூட்டும் நிலவு, பூட்டிய அறை, புதைத்து வைத்த இரகசியம். லெ ஃபானுவின் கதையிலும் இவையெல்லாம் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலம். காட்டு நடுவே தனிக்கோட்டை. அதிலே தாயை இழந்த மகள் லாரா, வயது 19. பேய்க்கதையும் தேவதைக்கதையும் காதில் விழாமலே வளர்க்கப்பட்டவள். கேட்காத கதை ஒருநாள் தானே தேடி வருகிறது! நிலவொளியில் கோட்டை வாயிலருகே ஒரு வண்டி கவிழ்கிறது. வண்டியில் வந்த சீமாட்டி, அவசரப் பயணம் என்று சொல்லி, தன் மகளை மூன்று மாதத்துக்கு அங்கே விட்டுப் போகிறாள். அந்த மகளே கார்மில்லா.

லாராவோ திகைக்கிறாள். ஆறு வயதில் தன் படுக்கையருகே கனவுபோல் வந்த முகம் அன்றோ இது! கார்மில்லாவும் சொல்கிறாள், உன்னை நானும் அன்றே கனவில் கண்டேன் என்று. அதன்பின் இணைபிரியாத் தோழமை. கைகோத்து நடக்கிறாள் கார்மில்லா, கூந்தலை வருடுகிறாள், கன்னத்தில் முத்தமிட்டு, நீ என்னவள் என்கிறாள். தோழியின் சொல்லா அது? அன்று, காதலியின் சொல்! லாராவுக்கு அதிலே ஈர்ப்பும் இருக்கிறது, வெறுப்பும் இருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறாள் அந்தப் பெண். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவந்தது 1897-இல். அதற்கு 25 ஆண்டு முன்பே, பெண்ணைப் பெண் நேசிக்கும் கதையாக இரத்தம் குடிக்கும் பேயின் கதை எழுதப்பட்டுவிட்டது.

ஆம், இரத்தம் குடிப்பவள்தான் கார்மில்லா. மறைக்கமாட்டேன். 1698 என்று ஆண்டு பொறித்த பழைய ஓவியம் ஒன்றில் அவள் முகமே இருக்கிறது. அவள் கார்ன்ஸ்டைன் குடும்பத்துப் பிரபுகுலப் பெண் மிர்கல்லா. மிர்கல்லா, மில்லார்கா, கார்மில்லா என்று எழுத்துகளை இடம்மாற்றிப் பெயர் பூண்டு வருகிறாள். பெயரைக் கண்டுபிடித்தால் மாயம் தீரும் என்பது கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளிலும் காண்பதுதானே!

அவள் செய்த கொடுமையையும் சொல்வேன். சுற்றுப்புறத்தில் ஏழைப் பெண்கள் ஒவ்வொருவராக மாண்டுபோகிறார்கள். வனக்காவலரின் மகள் பிணமாகப் போகிறாள். லாரா எழுந்து நின்று இறுதிப்பாடலில் கலந்து கொள்கிறாள். கார்மில்லாவோ, குடியானவர்களைப் பற்றி எனக்கென்ன என்கிறாள்! குருதியைக் குடித்தாள், குடித்துவிட்டுக் குலப்பெருமை பேசினாள். அவளுக்காக வாதாட நான் வரவில்லை.

ஆனால் அந்தச் சாவுகளைக் கேட்டுக் கோட்டைத் தலைவர் என்ன செய்தார்? நோய்தான், ஏழை மக்கள் மூடநம்பிக்கையால் ஒருவரை ஒருவர் கலக்குகிறார்கள் என்றார். தளபதி ஸ்பீல்ஸ்டோர்ஃபின் வளர்ப்பு மகளும் மாண்ட பிறகல்லவா தேடல் தொடங்கியது, வேட்டை தொடங்கியது, விசாரணை தொடங்கியது! குடிசையில் விழுந்த பிணங்கள் எத்தனையோ, மணி அடிக்கவில்லை. மாளிகையில் ஒன்று விழுந்தது, கல்லறை திறந்தது!

விசாரணை என்றேனே, அதைக் காணுங்கள். நாடகம் எழுதுபவன் நான். மேடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று முதலில் எண்ணுவது என் வழக்கம். தந்தை நிற்கிறார். தளபதி நிற்கிறார். கல்லறையைக் கண்டுபிடித்த பிரபு நிற்கிறார். மருத்துவர் இருவர் நிற்கிறார்கள். அரசு ஆணைக்குழு அறிக்கை எழுதுகிறது. மார்பில் முளை அடிக்கிறார்கள், தலையைத் துண்டிக்கிறார்கள், எரிக்கிறார்கள், சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். லாரா எங்கே? மேடையில் இல்லை! அவளுக்கு வந்த நோயைக்கூட மருத்துவர் தந்தையிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. தன்னை நேசித்தவளின் முடிவை அவள் அறிக்கையின் படியிலிருந்துதான் எழுதுகிறாள். அவள் எழுதியதோ, அவள் இறந்தபின் ஒரு மருத்துவரின் ஏட்டுக்கட்டில் நோய்க்குறிப்பாகச் சேர்ந்து வெளிவருவதாக முன்னுரை சொல்கிறது. காதலைச் சொன்னாள் ஒரு பெண்; அதைக் கட்டிவைத்து நோய் என்று மேலே எழுதினார்கள்!

இங்கேதான் தோழர்களே, நான் சொல்ல வந்த செய்தி. கார்மில்லாவின் குற்றம் ஒன்று. அவள் உள்ளம் வேறொன்று. உயிரைக் குடித்தது குற்றம். ஒரு பெண்ணை நேசித்தது குற்றமன்று. கதையோ இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டது. அடித்தபின், படிப்பவன் நெஞ்சில் ஒரு கணக்குப் பதிந்து விடுகிறது: பெண்ணைப் பெண் நேசித்தாளா, அப்படியானால் அவள் இரத்தம் குடிப்பவள்! கொலையைக் கண்டு எழவேண்டிய வெறுப்பு, காதலைக் கண்டு எழுகிறது. ஒருவரைத் தீர்த்துக்கட்ட வாளெடுக்க வேண்டியதில்லை. அவருக்குப் பேய் என்று பெயர் வைத்தால் போதும், மற்றதை ஊரே பார்த்துக்கொள்ளும்.

அந்த ஆணியைப் பிடுங்கவும் ஒரு கை வந்தது. அதுவும் டப்ளினில் பிறந்த கை, பெண்ணின் கை! எம்மா டோனஹ்யூ என்ற எழுத்தாளர், பெண்ணை நேசிக்கும் பெண் என்று தம்மை மறைக்காதவர், 1997-இல் ஒரு நூல் தந்தார். கார்மில்லா வெளிவந்து 125 ஆண்டு கழித்து. சிண்டரெல்லா முதலிய பழைய தேவதைக்கதைகளைப் புதிதாய்ச் சொல்லும் 13 கதைகள். முதற்கதையில் இளவரசனின் மாளிகைக்குப் போன பெண், தன் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று உணர்ந்து, காலணியை முட்புதரில் எறிந்துவிட்டு, தன்னை அழைத்துச் சென்ற முதியவளோடு வீடு திரும்புகிறாள். கல்லறை இல்லை, முளை இல்லை, ஆணைக்குழு இல்லை! கடைசிக் கதை தவிர ஒவ்வொரு கதை முடிவிலும் ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்கிறாள், இங்கு வருமுன் நீ யார் என்று. கேட்கப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். மந்திரக்காரிக்கும் அங்கே வாய் உண்டு!

கதை மாறினால் நாடு மாறுமா என்று கேட்பீர்கள். கதை மட்டுமே மாற்றிவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் கனவு காண்பவன் அல்லேன். ஆயினும் இதைக் கேளுங்கள். ஒருபாலாருக்கும் திருமண உரிமை வேண்டுமா என்று அயர்லாந்து 2015 மே 22-இல் தன் மக்களையே கேட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 62 பேர் ஆம் என்றார்கள். பொதுமக்கள் வாக்கால் அவ்வுரிமையைத் தந்த முதல் நாடு அதுவே. வீடு வீடாகச் சென்று, தம் கதையைத் தம் வாயாலேயே சொன்னவர்கள் பெற்ற வெற்றி அது. வாசற்படியில் நிற்பது பேயன்று, பக்கத்துவீட்டுப் பிள்ளை என்று கண்டபின் எந்தக் கை முளையை ஓங்கும்?

கடைசியாக ஒன்று. லெ ஃபானு பெட்டியை மூடினார் என்றேன், முழுவதும் மூடவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழிந்து நடுங்கும் கையோடு எழுதுகிறாள் லாரா. இன்னமும் சில நேரம், கூடத்து வாசலில் கார்மில்லாவின் மெல்லிய காலடி ஓசை கேட்பது போல் இருக்கிறதாம். அறிக்கை முடிந்துவிட்டது, சாம்பல் ஆற்றோடு போய்விட்டது, அவள் காது மட்டும் வாசலில் இருக்கிறது. அச்சமா? ஏக்கமா? அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்கும் பொறுப்பு நம்முடையது. உங்கள் வீட்டுப் பெண் ஒருநாள் உங்கள் முன் வந்து, என் நெஞ்சு இன்னாரிடம் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால், மருத்துவரையும் தளபதியையும் கூப்பிட ஓடாதீர்கள். உட்காருங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.