சட்டத்தின் தேதியை மாற்றிய நன்கொடை
(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்சி ஏட்டுக்காகச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் தமிழாக்குவது என் பணி. நான் மொழிபெயர்த்தவற்றுள் மிகச் சிறியது 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு திருத்தம். '2010 செப்டம்பர் 26' என்று இருந்த இடத்தில் '1976 ஆகஸ்ட் 5' என்று மாற்ற வேண்டும், சாரம் அவ்வளவுதான். தமிழாக்க ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அதன் பொருள் விளங்கத்தான் நீண்ட நேரம் பிடித்தது.

கதை வேதாந்தா குழுமத்திலிருந்து தொடங்குகிறது. ராஜஸ்தானின் பார்மரில் கச்சா எண்ணெய், பஞ்சாபின் தல்வண்டி சாபோவில் அனல் மின்சாரம், ஒடிசாவில் அலுமினியம் எனப் பரந்து கிடக்கும் எரிசக்தி, சுரங்கப் பேரரசு அது. தலைமை நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் அதற்குப் பெரும்பான்மைப் பங்கு இருந்த ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகிய நிறுவனங்கள் பாஜகவுக்கும் காங்கிரசுக்கும் நன்கொடை வழங்கின. கட்சிகள் வெளிநாட்டுப் பணம் பெறுவதை 1976ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருந்தது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும், ஒன்றிய அரசின் மின்துறைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற இ.ஏ.எஸ். சர்மாவும் வழக்குத் தொடுத்தனர். இவை வெளிநாட்டு நன்கொடைகளே, இரு கட்சிகளும் சட்டத்தை மீறியுள்ளன என்று 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு மாதங்களுக்குள் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

நடவடிக்கை எடுக்கப்பட்டது, தோழர்களே. ஆனால் சட்டத்தை மீறியவர்கள் மீதல்ல, சட்டத்தின் மீது! அந்நிய நேரடி முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் நிறுவனம் 'வெளிநாட்டு மூலம்' ஆகாது என்று 2016ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வரையறையை மாற்றியது. அது 2010ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கு மட்டுமே பொருந்தியது. வழக்குக்குரிய பணமோ அதற்கு முந்தைய சட்டத்தின் காலத்தது. ஆகவே 2018இல் அந்தத் தேதியும் மாற்றப்பட்டது. 42 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று குற்றம் குற்றமல்லாததாக ஆக்கப்பட்டது. 2018 மார்ச் 14 அன்று அந்த நிதி மசோதா மக்களவையில் அமளிக்கு நடுவே, விவாதமே இன்றி நிறைவேறியது. பண மசோதா என்பதால் மாநிலங்களவை அதைத் தடுக்க இயலாது.

'கொடை' என்ற தமிழ்ச் சொல்லுக்குக் கைம்மாறு கருதாமல் தருவது என்று பொருள். சட்டம் பேசும் 'நன்கொடை'யை அந்தச் சொல்லால் எழுதும்போதெல்லாம் என் மனம் கூசுகிறது. ஓர் உறுப்பினரின் ஒரு வாக்கைப் பெறப் பணம் கொடுத்தால் அது கையூட்டு, பிடிபட்டால் சிறை. ஆட்சியில் உள்ள கட்சிக்கும், நாளை ஆட்சிக்கு வரக்கூடிய கட்சிக்கும் ஒரு சேரப் பணம் கொடுத்தால் விதிகளை எழுதும் அவையே இளகிவிடுகிறது. ஒருவரையும் தனித்து விலைக்கு வாங்க வேண்டிய தேவை எழுவதில்லை.

இளகிய அவை அடுத்து என்ன செய்தது? நிறுவனங்கள் தம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்ற வரம்பை 2017இல் நீக்கியது. தேர்தல் பத்திரத்தைக் கொண்டு வந்தது. இது பின்னோக்கிய நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் எழுதியதும், ரிசர்வ் வங்கி ஆட்சேபித்ததும் பொருட்படுத்தப்படவில்லை. பாரத ஸ்டேட் வங்கியின் வழியே 16,500 கோடி ரூபாய்க்கும் மேலான பத்திரங்கள் விற்பனையாயின. இடதுசாரிக் கட்சிகள் அவற்றைப் பெறவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி உச்சநீதிமன்றத்தில் மனுதாரராகவும் நின்றது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தனர். ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை கேட்ட அவகாசம் மறுக்கப்பட்ட பின்னரே பெயர்கள் வெளிவந்தன.

வேதாந்தா சுமார் 400 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்கியிருந்தது. அதில் ஏறத்தாழ 230 கோடி பாஜகவுக்கு, 125 கோடி காங்கிரசுக்கு, 40 கோடி அப்போது ஒடிசாவை ஆண்ட பிஜு ஜனதா தளத்துக்கு. மேற்கு வங்கத்தில் அனல் மின் நிலையம் நடத்தும் ஹால்டியா எனர்ஜி 377 கோடிக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி அம்மாநிலத்தை ஆண்ட திரிணாமுல் காங்கிரசுக்கு. எங்கே அதிகாரம் இருக்கிறதோ அங்கே பணம் பாய்கிறது. மூலதனத்துக்குக் கொடியின் நிறம் ஒரு பொருட்டல்ல.

இதே காலத்தில், 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்டுவதற்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. புதிய சுற்றுச்சூழல் அனுமதியின்றிச் சுரங்க உற்பத்தியை 50 விழுக்காடு வரை உயர்த்த இசைவு கோரி, 2021 ஜனவரியில் வேதாந்தாவின் தலைவர் அமைச்சருக்குக் கடிதம் எழுதியதைச் சர்வதேசப் புலனாய்வு ஊடகவியலாளர் அமைப்பு ஒன்று 2023இல் வெளிப்படுத்தியது. பணத்துக்கும் அறிவிக்கைக்கும் இடையே கோடு கிழித்துக் காட்ட ஆவணம் உண்டா என்று கேட்பார்கள். அந்த ஆவணம் இல்லாமல் செய்வதற்காகவே இருட்டு சட்டமாக்கப்பட்டது என்பதே நம் பதில்.

மக்கள் கருத்தைக் கேட்பது என்றால் அவர்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்? ஒடிசாவின் நியமகிரி மலையை நினைத்துப் பாருங்கள். வேதாந்தாவின் ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் கூறியது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. எந்தக் கட்சிக்கும் ஒரு காசு கொடுக்க வசதியற்ற டோங்கிரியா கோந்து மக்கள், கைகளை உயர்த்தியே மலையைக் காத்தார்கள். நம் தூத்துக்குடியிலோ, அந்த நிதி மசோதா மக்களவையில் நிறைவேறிய பத்தாவது வாரத்தில், 2018 மே 22 அன்று, இதே குழுமத்தின் தாமிர ஆலையை மூடக் கோரிச் சென்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தனர். கேட்கப்படாத மக்கள் தெருவுக்கு வருவார்கள்; தெருவுக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்பதைத் தூத்துக்குடி கண்டது.

தோழர்களே, பத்திரம் ஒழிந்தது என்று நாம் ஓய்ந்துவிட இயலாது. தேர்தல் அறக்கட்டளைகளின் வழியே பெருநிறுவனப் பணம் தொடர்ந்து பாய்கிறது. பலருடைய பணம் ஒரே பெட்டியில் கலந்து கட்சிகளுக்குச் செல்வதால், யாருடைய பணம் யாரிடம் சேர்ந்தது என்பது மீண்டும் மங்குகிறது. 1969இல் நிறுவன நன்கொடை தடை செய்யப்பட்டது. 1985இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. மீண்டும் முழுத் தடை வேண்டும். தேர்தல் செலவுக்கு அரசே பொருளாக உதவ வேண்டும் என்று தோழர் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு 1998இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வர வேண்டும்.

நீங்கள் உண்டியல் ஏந்திக் கடைவீதியில் நிற்கும்போது, 'கோடிகளில் வாங்கும் கட்சிகள் இருக்க, இந்தப் பத்து ரூபாயால் என்ன ஆகும்?' என்று யாரேனும் கேட்கக் கூடும். அவரிடம் இந்தத் தேதியின் கதையைச் சொல்லுங்கள். உச்சநீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்தது. '1976 ஆகஸ்ட் 5' என்ற தேதியோ இன்றும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அதை அகற்றும் துணிவு, அந்தப் பணத்தைத் தொடாதவர்களிடமிருந்துதான் பிறக்க முடியும்.