காப்புக் கம்பியும் கொண்டை ஊசி வளைவும்



கொங்கு நாட்டிலே பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுதல் என்று ஒரு வழக்கம் உண்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறவாரத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் விளைநிலத்திலும் செருகி வைப்பார்கள். தீமை அணுகாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளையும் இப்போது நம்மவர்கள் மறப்பதில்லை. அதன் கைப்பிடியிலும் ஒரு கொத்து ஆடுகின்றது. அந்த மோட்டார் சைக்கிளுக்கு மற்றொரு காப்பும் உண்டு. எஞ்சினுக்கு முன்னே இருபுறமும் வளைந்து நீண்டு நிற்கும் இரும்புக் கம்பியே அது. 'க்ராஷ் கார்டு' என்றும் 'லெக் கார்டு' என்றும் மக்கள் அதனை வழங்குவர். நாம் அதனைக் காப்புக் கம்பி என்போம். இக்கம்பி எப்போது காக்கும், எப்போது காக்காது என்பதைப் பற்றியே இன்று சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிடுவதே நியாயம். புல்லட் போன்ற வண்டியின் எடை ஏறத்தாழ 190 கிலோ. அது நின்ற நிலையிலோ, மெல்ல ஊர்ந்து செல்லும்போதோ சாய்ந்து விழுந்தால், ஓட்டுபவரின் கால் அதன் அடியில் அகப்பட்டுக்கொள்ளும். காப்புக் கம்பி இருந்தால் வண்டி முழுவதும் தரையில் படியாமல், இடையே கொஞ்சம் வெளி விட்டு நிற்கும். காலும் தப்பும், எஞ்சினின் மூடியும் உடையாது. இவ்வளவும் உண்மை. ஆனால், மெல்லிய வேகத்தில் உண்மையாக இருப்பது எல்லா வேகத்திலும் உண்மையாக இருக்கும் என்று கொள்ளலாமா? அங்கேதான் ஆராய்ச்சி தேவைப்படுகின்றது.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து, 1981-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். காப்புக் கம்பி பாதத்துக்கும் கணுக்காலுக்கும் நேரும் காயத்தைக் குறைக்கின்றது. ஆனால் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகிய இடங்களில் காயம் அதே அளவுக்குக் கூடிவிடுகின்றது. ஆகவே மொத்தத்தில் காயத்தைத் தடுக்கும் சாதனமாக அதனைக் கொள்ள இயலாது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. பிற வண்டியின் தொடர்பின்றி, தானே நேர்ந்த விபத்துக்களில் பெரும்பாலும் காணப்பட்ட தவறு எது தெரியுமா? அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்துச் சறுக்கி விழுவது. அல்லது வேக மிகுதியாலோ போதிய அளவு வளையாததாலோ வளைவில் பாதையை விட்டு வெளியே விலகிச் செல்வது. 'வளைவு' என்ற இந்தச் சொல்லை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்.

நம் கொங்கு நாடு மலைகளால் சூழப்பட்டது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறுகின்ற பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கோ 70. விடுமுறை நாள்களில் இப்பாதைகளில் செல்லும் இளைஞர்களின் தொகை பெருகிவிட்டது. ஆதலின், வளைவில் வண்டி ஏன் சாய்கின்றது என்பதை அறிந்து கொள்வது வெறும் பாடப் புத்தக விஷயம் அன்று. உயிரைப் பற்றிய விஷயம்.

காரும் பேருந்தும் வளைவில் சாய வேண்டியதில்லை. இரு சக்கர வண்டி சாயாமல் வளைய முடியாது. எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் எண்ணே, சாய்வுக் கோணத்தின் 'டான்' மதிப்பு. இது நீங்கள் படித்த இயற்பியல்தான். வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சாய்வு ஏறத்தாழ 20 பாகை. 40 கிலோமீட்டர் வேகத்தில் 32 பாகை. 50 கிலோமீட்டர் வேகத்தில் 44 பாகைக்கும் மேல். வேகம் இரு மடங்கானால், அந்த 'டான்' மதிப்பு நான்கு மடங்காகும். வேகமானியின் முள் கொஞ்சந்தானே நகர்ந்தது என்று எண்ணுகிறோம். வளைவு அப்படி எண்ணுவதில்லை.

இச்சாய்வுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று டயரின் பிடிப்பு. மழைநீரும் மணலும் சிந்திய டீசலும் இந்த எல்லையைச் சுருக்கிவிடும். மற்றொன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. வண்டி சாயும்போது அதன் பக்கத்தில் நீட்டிக் கொண்டிருக்கும் ஏதேனும் ஓர் உறுப்பு தரையைத் தொடும். அந்தக் கோணமே இரண்டாவது எல்லை. இவ்விரண்டில் எது சிறியதோ அதுவே வண்டியின் உண்மையான எல்லை.

வண்டியை வடிவமைத்த பொறியாளர் இதனை நன்கு அறிவார். முதலில் தரையைத் தொடும் உறுப்பு பல வண்டிகளில் கால்மிதியாக இருக்குமாறு அமைப்பார். கால்மிதியைக் கையால் தூக்கிப் பாருங்கள். அது கீலில் மடங்கும். தரையைத் தொட்டவுடன் மடங்கி, 'இதற்கு மேல் சாயாதே' என்று உள்ளங்காலுக்குச் செய்தி சொல்லும். காப்புக் கம்பியோ மடங்காது, சட்டத்தோடு இறுக்கப்பட்டது. அது தரையில் ஊன்றினால், சக்கரங்கள் தாங்கியிருந்த பாரத்தில் ஒரு பகுதி அதன்மேல் ஏறும். சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறைந்தால் டயரின் பிடிப்பும் குறையும். அதோடு, மேலும் சாய்ந்தால்தான் மேலும் வளைய முடியும் என்ற நிலையில், சாயவும் இடமில்லாமற் போகின்றது. பின்னர் நிகழ்வன இரண்டில் ஒன்று: சக்கரம் வழுக்கி வண்டி விழும்; அல்லது வளையாமல் வெளிப்புறமாக ஓடும். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். இடப்புற வளைவில் வெளியே ஓடினால் எதிரே லாரி. வலப்புற வளைவில் வெளியே ஓடினால் பாதையின் ஓரம், அதற்கப்பால் பள்ளம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு காப்புக் கம்பியின் கீழ்வளைவு தரையிலிருந்து 22 செண்டிமீட்டர் உயரத்திலும், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 35 செண்டிமீட்டர் அகலத்திலும் இருக்கின்றது என்று கொள்வோம். 22-ஐ 35-ஆல் வகுத்தால் 0.63. அதாவது 32 பாகைச் சாய்வில் கம்பி தரையைத் தொடும். முன்னர்ச் சொன்ன வளைவில் அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். இனி, பின்னால் ஒரு நண்பர் ஏறிக்கொள்கிறார். ஸ்பிரிங் 4 செண்டிமீட்டர் அமுங்குகின்றது. இப்போது 18-ஐ 35-ஆல் வகுக்க வேண்டும். கோணம் 27 பாகையாகக் குறைகின்றது. வேகத்தின் எல்லை 36 கிலோமீட்டராக இறங்குகின்றது. வளைவின் நடுவே ஒரு குழி இருந்து வண்டி மேலும் அமுங்கினால், அந்த எல்லை இன்னும் தாழும். டயரின் அகலம் முதலியவற்றால் இக்கணக்கு சற்று மாறலாம், தத்துவம் மாறாது. நேற்றுத் தனியே சென்றபோது இடரின்றிக் கடந்த வளைவு, இன்று இருவராகச் செல்லும்போது இடறிவிடுவதன் காரணம் இதுதான்.

பொள்ளாச்சிக்கு அண்மையில் உள்ள ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய காலத்தில், என்னிடம் பயின்று சென்ற ஓர் இளைஞன் நாள்தோறும் விடியற்காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டு போவான். இரு பக்கமும் பால் கேன்கள். முன்னே, பட்டறையில் சொல்லிச் செய்வித்த அகலமான காப்புக் கம்பி. பிள்ளையின் மேலுள்ள பாசத்தால் தந்தையே அதனைப் போடச் செய்திருந்தார். வாய்க்கால் கரைச் சாலையின் இடப்புற வளைவு ஒன்றில், கேன்கள் நிறைந்திருந்த ஒரு நாள், கம்பி தரையில் ஊன்றியது. வண்டி எதிர்ப்புறம் ஓடிப் புளியமரத்தில் மோதியது. நல்வினையாக உயிர் பிழைத்தான். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, இன்றும் சற்றே சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். மருத்துவமனை வராந்தாவில் அவனுடைய தந்தை என்னைக் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரய்யா, பையன் காலுக்குக் காவலா இருக்கட்டும்னுதானுங்க அந்தக் கம்பியப் போட்டோம். காவலுக்குப் போட்டதே காலை வாரி உடுமுங்களா?"

அன்று அவருக்கு ஆறுதல்தான் சொல்ல முடிந்தது. அக்கேள்விக்கு உரிய விடையை, இனி வண்டி ஏறப் போகின்ற உங்களுக்குச் சொல்கிறேன். காப்புக் கம்பி தீயது என்பது என் கருத்தன்று. அளந்து பாராமல் பொருத்துவதே தீது.

அளப்பது எங்ஙனம்? இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. நீளமான ஒரு பலகை போதும். சமதரையில் வண்டியை நிமிர்த்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கமாகச் செல்பவர் இருவரும் ஏறி அமரட்டும். இரு சக்கரங்களின் ஓரமாகப் பலகையின் ஒரு விளிம்பைத் தரையில் வைத்து, மறு விளிம்பை மெல்ல மேலே தூக்குங்கள். பலகையில் முதலில் இடிப்பது எதுவோ, வளைவில் முதலில் தரையைத் தொடுவதும் ஏறக்குறைய அதுவே. அது மடங்கும் கால்மிதியானால் நல்லது. காப்புக் கம்பியானால் அதனை மாற்றுங்கள். பால் கேன், இளநீர்க் குலை, புல்லுக்கட்டு ஆகியவையும் இதே சோதனைக்கு உட்பட்டவையே. சைடு ஸ்டாண்டை மடக்க மறந்து புறப்பட்டால், இடப்புற வளைவில் அதுவும் அவ்வாறே ஊன்றும். இயற்பியல் ஆசிரியர்கள் ஒரு நாள் இச்சோதனையை வகுப்பு மாணவர்களைக் கொண்டு பள்ளி மைதானத்தில் செய்து காட்டினால், 'டான்' அட்டவணை அவர்களுக்கு ஆயுள் முழுதும் மறவாது.

கம்பி வாங்குவோர் அந்த வண்டிக்கென்றே உற்பத்தியாளர் அமைத்ததை வாங்குதல் நலம். அகலமும் கனமும் மிகுந்தால் காவலும் மிகும் என்பது பிழையான எண்ணம். கம்பியின்மேல் காலை நீட்டிக்கொண்டு ஓட்டுவது இன்னும் பெரும் பிழை. அவசரத்தில் பின் பிரேக்கைத் தேட வேண்டிய கால் அப்போது காற்றில் இருக்கும்.

மலைப்பாதையில் ஓட்டும் முறையும் ஒன்று உண்டு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். கியரையும் முன்பே மாற்றுங்கள். வளைவின் நடுவே பிரேக்கைத் திடீரென அழுத்தாதீர்கள். பார்வை, வளைவு முடிந்து பாதை நிமிரும் இடத்தில் இருக்கட்டும். உடலைச் சிறிது உட்புறமாகச் சாய்த்தால், வண்டி அதே வளைவைக் குறைந்த சாய்விலே கடக்கும். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் வீரர்கள் உடலை வண்டிக்கு வெளியே தொங்கவிட்டு வளைவதன் உட்பொருள் இதுவே. ஆனால் அவர்களுடைய வேகத்தைப் பொதுச் சாலையில் பின்பற்றலாகாது. அங்கே எதிரே பேருந்து வருவதில்லை, யானையும் குறுக்கிடுவதில்லை. வலப்புற வளைவில் சாயும்போது சக்கரம் நம் பக்கத்திலே இருந்தாலும், தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குள் நீளும் என்பதையும் மறவாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் ஆகிய இருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். கியர் வண்டி ஓட்டுவதற்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும் என்பதும் சட்டம்.

நம் கோவைக்குப் பெருமை தேடித்தந்த ஜி. டி. நாயுடு அவர்கள், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அதனை வாங்கினார் என்று அவரது வரலாறு கூறுகின்றது. வாங்கியவுடன் ஏறிப் பறந்தாரா? இல்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கின்றது என்று ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். அவரே பின்னாளில், 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். இயந்திரத்தை அறிந்தவனுக்கு அது ஏவல் செய்யும். அறியாதவனை அது ஏமாற்றும்.

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் பெற்றோர்களே, அதனோடு ஒரு பெரிய கம்பியையும் பூட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று அமைதி அடையாதீர்கள். மாணவர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள வண்டியை வாசலில் நிறுத்தி, பலகையை எடுத்து அளந்து பாருங்கள். மலையில் அளப்பதைவிட வாசலில் அளப்பது எளிது.