முறிந்த தேரும் மீண்ட வீரரும்

தேர் முறிந்தால் தச்சன் செப்பனிட்டுவிடுவான். தேரோடு தேரோட்டியும் முறிந்துபோனால் அவன் உடலை மருத்துவர் சேர்த்து வைக்கலாம். ஆனால், மீண்டும் அதே தேரில் ஏறும் துணிவை அவனுக்கு யார் சேர்த்துக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்த ஒரு பந்தயப் பருவத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அது நிகழ்ந்த ஆண்டு 1966. நிகழ்ந்த இடம் வட அமெரிக்கா.

கதை அதற்கு ஓராண்டு முன்னரே தொடங்குகிறது. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் மாஸ்போர்ட் என்றொரு பந்தயக் களம் உண்டு. 1965, செப்டம்பர் மாத இறுதியில் அங்கே ஜான் சர்டீஸ் என்ற ஆங்கிலேயர் பந்தயத்துக்கு முன்பு ஒத்திகை ஓட்டம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் புதியவர் அல்லர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 7 முறை உலகப் பட்டம் பெற்றவர். பின்னர் மோட்டார் காருக்கு மாறி 1964இல் உலகச் சாம்பியன் ஆனவர். இரு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. அத்தகையவர் ஓட்டிய லோலா டி-70 என்ற வண்டியில், முன் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு உறுப்பு ஒன்று முறிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது யானையன்று. அதன் காலடியில் இருந்த பலகை.

இடுப்பெலும்பும் முதுகெலும்பும் நொறுங்கின. உடலின் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலம் குறுகிப் போயிற்று. மருத்துவர்கள் அவ்வுடலை மெல்ல மெல்ல இழுத்து நீட்டி, அந்த வேறுபாட்டை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக்கினார்கள். இனி அவர் நடப்பதே பெரிது என்று எண்ணத் தக்க நிலை அது.

இனி 1966க்கு வருவோம். அவ்வாண்டு கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் சேர்ந்து ஒரு புதிய போட்டியைத் தொடங்கின. அதன் சுருக்கப் பெயர் கான்-ஆம். மற்றப் பந்தயங்களில் என்ஜினின் அளவு இவ்வளவு, வண்டியின் எடை இவ்வளவு என்று விதிகள் கட்டிப்போடும். இங்கேயோ அவ்விரண்டுக்கும் வரம்பில்லை. சக்கரங்கள் மூடப்பட்டிருக்க வேண்டும், பெயருக்கேனும் இரண்டு இருக்கைகள் இருக்க வேண்டும் என்பன போன்ற சில நிபந்தனைகளே இருந்தன. 9 வாரங்களுக்குள் 6 பந்தயங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மைல். முதலில் வருபவருக்கு 9 புள்ளிகள், அடுத்தவருக்கு 6, பிறகு 4, 3, 2, 1.

சுதந்தரம் கிடைத்த இடத்தில் கற்பனை சிறகு விரிக்கும் என்பது வெறும் அலங்காரப் பேச்சன்று. டெக்ஸாஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தம்முடைய சாப்பரல் வண்டியின் பின்புறத்தில், உயர்ந்த இரு தூண்களின்மேல் மெய்யாகவே ஒரு சிறகைப் பொருத்தினார். விமானத்தின் சிறகு மேலே தூக்கும். இச்சிறகோ கீழே அழுத்தும். வளைவுகளில் பின் சக்கரங்கள் தரையைக் கெட்டியாகப் பற்றுவதற்கே இந்த ஏற்பாடு. நேர்ப் பாதையில் ஓட்டுபவர் இடது காலால் ஒரு மிதியை அழுத்தினால் சிறகு படுத்துக்கொள்ளும். காற்றின் தடை குறையும். கியர் மாற்றுவதற்கு இடது கால் வேண்டாதபடி அவ்வண்டி அமைந்திருந்ததால் இந்த வித்தை சாத்தியமாயிற்று.

இத்தகைய களத்துக்குத்தான் சர்டீஸ் திரும்பி வந்தார். எந்த வண்டியில்? எரிக் பிராட்லி என்பவர் உருவாக்கிய அதே லோலா டி-70இல்! செப்டம்பர் 11ஆம் தேதி கனடாவின் சேன்ட் ஜோவீட்டில் நடந்த முதல் பந்தயத்தில் அவரே வென்றார். அடுத்து, நியூயார்க் மாநிலத்துப் பிரிட்ஜ்ஹாம்ப்டனில் டான் கர்னி வெற்றி பெற்றார். மூன்றாவது பந்தயம், செப்டம்பர் 24ஆம் தேதி, மாஸ்போர்ட்டில்! விபத்து நேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு நிறைந்த வேளை. அங்கே வெற்றி மார்க் டானஹியூவுக்குப் போயிற்று. சர்டீஸுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் லகூனா ஸேகாவில் பில் ஹில் சாப்பரலை ஓட்டி வென்றார். அவரை அடுத்து வந்தவர் ஜிம் ஹாலே. சிறகு தன் பெருமையை நிலைநாட்டிவிட்டது. சர்டீஸின் காலம் முடிந்தது என்று அன்று யாரேனும் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், அடுத்த வாரமே அவர் மெக்ஸிகோவுக்குச் சென்று வேறொரு வகை வண்டியில் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றார். அதற்கு அடுத்த வாரம், அக்டோபர் 30ஆம் தேதி, கலிபோர்னியாவின் ரிவர்ஸைடில் ஜிம் ஹாலை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வெற்றி பெற்றார். நவம்பர் 13ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த இறுதிப் பந்தயமும் அவருடையதே. மூன்று வெற்றிகள், 27 புள்ளிகள். டானஹியூவுக்கு 21, புரூஸ் மக்லாரனுக்கு 20. முதல் கான்-ஆம் பட்டம் சர்டீஸைச் சேர்ந்தது.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த 6 பந்தயங்களில் 5 பந்தயங்களை வென்றவை லோலா டி-70 வண்டிகள். சர்டீஸைச் சாகும் நிலைக்குத் தள்ளிய வண்டியினமே அவ்வாண்டின் சிறந்த வண்டியினமாகவும் விளங்கிற்று. முறிந்தது ஓர் உறுப்பு. பிழைபட்டது முழு அமைப்பன்று. இந்த வேறுபாட்டைக் காண்பவருக்கே மறுபடியும் ஏறி உட்காரும் துணிவு வரும். காணாமல் ஏறுபவன் மூர்க்கன். கண்டும் ஏறாதவனைக் கோழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில், அந்தக் களம் எப்போதும் கருணை காட்டியதில்லை. அன்று மூன்றாவதாக நின்ற மக்லாரன் 1970இல் கான்-ஆம் வண்டி ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது உயிர் நீத்தார். இரண்டாவதாக நின்ற டானஹியூ 1975இல் கிராண்ட் பிரீ ஒன்றுக்கான ஒத்திகையில் நேர்ந்த விபத்துக்குப் பலியானார்.

வரம்பற்ற அந்தப் போட்டியும் 1974ஆம் ஆண்டோடு தன் பழைய வடிவில் முடிந்துவிட்டது. சர்டீஸ் மட்டும் நீண்ட வாழ்வு வாழ்ந்து, 2017 மார்ச் மாதத்தில் தமது 83ஆம் வயதில் காலமானார். மாஸ்போர்ட்டின் மருத்துவமனைப் படுக்கைக்கும் அந்த முதுமைக்கும் இடையே 51 ஆண்டுகள் இருந்தன. அவற்றில் 9 வாரங்களைத்தான் இன்று நாம் நினைவுகூர்ந்தோம்.