முதுகுன்றத்து மரங்களும் மாறிவரும் பருவமும்



முதுகுன்றம் என்னும் தீந்தமிழ்ப் பெயரை விருத்தாசலம் என மாற்றியோர் பெயரை மட்டுமே மாற்றினர். மண்ணை மாற்ற அவர்களால் இயலவில்லை. இன்றோ மண்ணையும் மரத்தையுமே தாக்கும் மாற்றம் ஒன்று வந்துற்றது. அதுவே பருவ மாற்றம்.

பீங்கான் சூளைகளாற் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த செம்மண் மேடுகளில் முந்திரியும் யூக்கலிப்டசும் நிற்கின்றன; கடலோரத்தில் சவுக்கு. 1974-இல் தோன்றிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் (காட்டுத்தோட்டக் கழகம் எனில் நா நோகுமோ?) இவற்றுள் முன்னிரண்டையும் வணிகத்திற்கென வளர்க்கின்றது.

முந்திரி பூக்குங்கால் வேண்டுவன தெளிந்த வானும் உலர்ந்த காற்றும். பருவந் தவறிய மழையும் மூட்டமும் வரின், தேயிலைக் கொசு என்னும் பூச்சி பெருகித் தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கும். வெப்பம் மிகினும் பூ காய்ந்துதிரும்.

2011 திசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரொடு சாய்ந்தன, சவுக்கு முறிந்தது. நெல் வீழ்ந்தால் அடுத்த பருவம் கைகொடுக்கும். முந்திரி வீழ்ந்தால் ஒட்டுக்கன்று காய்க்கவே மூன்றாண்டு. நிறைவிளைவுக்கு மேலும் பல்லாண்டு. அதுகாறும் தோப்புடையான் இல்லத்திலும் கொட்டை உடைக்கும் பெண்டிர் இல்லத்திலும் அடுப்பெரிவது எங்ஙனம்?

அப்புயலைப் பருவ மாற்றமே ஈன்றதென அறுதியிடல் அறிவியலன்று. ஆயின், கடல்நீர் சூடேறச் சூடேறப் புயலின் வலிமை மிகும் என்பது அறிவியல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உலக வெப்பம் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

செய்ய வேண்டுவன யாவை? ஒரே இனக் கன்றுகளை மேடெங்கும் நடுதல் ஒரே தூணில் வீட்டை நிறுத்துவதாகும். ஒரு பூச்சி, ஒரு வறட்சி, ஒரு புயல் போதும். ஆதலின் வேம்பு, புங்கு, இலுப்பை, பனை ஆகிய நம் மரங்களும் இடையிடையே நிற்றல் வேண்டும். மரப்பயிருக்குத் தக்க காப்பீடு வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இவ்வூரிலேயே உள்ளது. அதன் முடிபுகள் ஆங்கில ஏடுகளில் உறங்காமல், உழவன் மொழியில், பூக்கும் பருவத்திற்கு முன்னரே தோப்புக்கு வரல் வேண்டும். தாய்மொழியிற் சேராத அறிவு, புயலுக்குப் பின் வரும் எச்சரிக்கையே.

இவ்வூர்த் திருக்கோயில் மரம் வன்னி. வறட்சி தாங்கும் மரம். கோயிற்பணி செய்தார்க்கு அதன் இலையே கூலியாகி, அவரவர் உழைத்த அளவிற்குப் பொன்னாயிற்று என்பது ஊர்வழக்கு. மரமே கூலி தந்த ஊரில், மரத்தை நம்பி உழைத்தோர் வெறுங்கையராய் நிற்றல் தகுமோ?

எண்ணுமின்! எழுமின்!