சிரிப்பும் நம் சொத்தே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாவில், கல்லூரி மாணவர் ஒருவர் தம் வாழ்க்கை அனுபவங்களை நகைச்சுவையாக எடுத்துரைக்க அனுமதி கேட்டார். நகரங்களில் இதனை 'ஸ்டாண்ட் அப் காமெடி' என்பர். ஒப்பனை இல்லை, பக்கவாத்தியம் இல்லை, ஒலிபெருக்கியும் ஒரு மனிதரும் அவர் கதையுமே உண்டு. "நம் அவமானத்தை நாமே மேடையேற்றுவதா?" என்று பெரியவர்கள் சிலர் தடுத்தனர். நாமும் வாளாவிருந்தோம். அது பிழையென இன்று ஒப்புக்கொள்கின்றோம்.

நாம் ஆறாம் வகுப்புப் பயின்ற காலத்தில், திண்டுக்கல்லை அடுத்த நம் சிற்றூரின் தேநீர்க் கடையில் நமக்கெனத் தனிக் குவளை இருந்தது. குடித்தபின் நாமே கழுவி வைத்தல் வேண்டும். ஒருநாள் மனம் பொறாது அழுதோம். தந்தையார் சிரித்தார். "தம்பி, இந்தக் கடையிலேயே சுத்தமான கிளாசு நம்மளதுதான். நாமளே கழுவுறோம்ல!" அன்றே தெளிந்தோம்: நாண வேண்டியவர் குவளையைக் கழுவியவர் அல்லர்; அதனைப் பிரித்து வைத்தவரே.

நெடுங்காலம் நம் நிறத்தையும் தொழிலையும் பேச்சையும் காட்டிப் பிறர் சிரித்தனர். கதையை நாமே சொல்லும்போது சிரிப்பின் திசை மாறுகின்றது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் டிக் கிரிகோரி, 1961இல் சிகாகோ நகர விடுதியொன்றில் வெள்ளையர் முன் நின்று நிறவெறியையே நகைப்புக்கு உள்ளாக்கினார். நம் எழுத்தாளர் பாமா, 1996இல் வெளிவந்த 'கிசும்புக்காரன்' தொகுப்பில், சேரி மக்களின் கேலியே ஆதிக்கத்தை எதிர்க்கும் கருவியாவதைக் காட்டினார். இன்று பஸ்தர் பகுதியிலிருந்து வந்த மஞ்சீத் சர்க்கார், மராட்டியத்துப் பீட் மாவட்டத்தின் அங்கூர் தாங்கடே முதலிய தலித் இளைஞர்கள், சாதி தந்த அனுபவங்களை மேடையில் சொல்லி மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கின்றனர்.

இளைஞர்களே, இரண்டு மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, சிரிப்பு யார்மீது விழுகின்றது என்று பாருங்கள். கூலிக்குச் சென்று நம்மைப் படிக்க வைத்த தாய்மீது அது விழலாகாது. அவர் கதையைச் சொல்லுமுன் அவர் இசைவையும் பெறுங்கள். இரண்டாவது, ஆறாத புண்ணைக் கைதட்டலுக்காகக் கீறாதீர்கள். அழுது முடித்த கதையே சிரிக்கத் தகும்.

அந்த மாணவர் இன்று இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றார். நம் உரையை இத்துடன் முடித்து, ஒலிபெருக்கியை அவரிடம் அளிக்கின்றோம். பெரியோர் செவிமடுக்க வேண்டுகின்றோம்.